மாரிக்குக் குடை, கோடைக்கு நிழல்: மட்டக்களப்பு வளவில் பச்சை வீடு கட்டி மரக்கறி செய்வது எப்படி?

வீடியோக்களில் நாம் பார்க்கும் பச்சை வீடுகள், அதாவது பொலித்தீனாலோ கண்ணாடியாலோ மூடிச் செடி வளர்க்கும் கூடாரங்கள், பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியவை. மட்டக்களப்பில் யாருக்கும் சூடு போதாமல் இல்லை. ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் நான் முதலில் கட்டியதும் அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துத்தான். நாலு பக்கமும் பொலித்தீன், ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். வைகாசி மாதம் அது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே தொங்கிய வெப்பமானி 46 பாகை காட்டியது. பின்னேரம் போய்ப் பார்த்தால் தக்காளிக் கன்றெல்லாம் அவித்த கீரை போலத் துவண்டு கிடந்தது.

அதைப் பிரித்துவிட்டு இரண்டாவதைக் கட்டும்போது, நமக்கு இது எதற்குத் தேவை என்று முதலில் யோசித்தேன். மாரியில் குடையாக இருக்க வேண்டும், கோடையில் நிழலாக இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதமும் நுளம்பு வலை போலப் பூச்சியைத் தடுக்க வேண்டும். இந்த மூன்றும் போதும். கீழே சொல்லும் அளவுகளும் பொருட்களும் எல்லாம் இதை வைத்துத்தான்.

இடம் பார்ப்பது

தென்னைக்குக் கீழே கட்ட வேண்டாம். நிழல் ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை மட்டை. ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் கூரைப் பொலித்தீன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழிந்துவிடும். நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழும், மாரியில் தண்ணீர் கட்டி நிற்காத இடமாகப் பாருங்கள். வளவு பள்ளமாக இருந்தால் முதலில் ஒரு அடிக்கு மண் நிரப்ப வேண்டும். 2011 தையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திசையும் முக்கியம். நமக்கு வருடத்தில் இரண்டு காற்று. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும், கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் வரும். கூடாரத்தின் நீளப் பக்கங்கள் இந்த இரண்டு காற்றையும் பார்த்தபடி இருந்தால் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். அதாவது முகடு ஏறத்தாழக் கடற்கரையோடு சமாந்தரமாக ஓட வேண்டும். செடி வரிசைகளும் அதே திசையில் போவதால் ஒன்றின் நிழல் மற்றதில் அதிக நேரம் விழாது.

சட்டகம்

வீட்டுத் தேவைக்கு 20 அடி நீளம், 10 அடி அகலம் தாராளம். ஆசைப்பட்டு இதைவிடப் பெரிதாக்கினால் காலையில் வேலைக்குப் போகிற ஒருவரால் பராமரிக்க முடியாது. அகலத்தைக் கூட்டினால் நடுவில் காற்று செத்துவிடும். இடம் இருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள்.

உயரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பக்கச் சுவர் 8 அடி, முகடு 11 அடி. சூடான காற்று மேலே போகும். அது செடியின் தலையில் தங்காமல் மேலே போய் நிற்க இடம் வேண்டும், நின்றதும் வெளியேற வழியும் வேண்டும். அதற்குத்தான் முகட்டில் ஒரு வேலை: கூரையின் ஒரு சரிவு மற்றச் சரிவைவிட ஒரு அடி உயர்ந்து, அதன் மேல் கொஞ்சம் நீட்டி நிற்கட்டும். இடையில் வரும் அந்த ஒரு அடித் திறப்பை வலையால் மூடுங்கள். திறப்பு தென்மேற்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாரி மழை வடகிழக்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும். மாற்றி வைத்தால் ஐப்பசியில் கூடாரத்துக்குள்ளும் மழை பெய்யும். மேசனுக்கோ வெல்டிங் செய்பவருக்கோ வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு கடுதாசியில் கீறிக் கொடுத்துவிடுங்கள்.

தூண்களுக்கு ஒன்றரை அங்குலக் கல்வனைஸ் பைப் நல்லது. ஐந்து அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எழுவான்கரை மணலில் இரண்டு அடி ஆழம் தோண்டி, சீமெந்துக் கலவை போட்டே ஊன்ற வேண்டும். வெறும் மணல் பிடிக்காது. கடற்காற்றின் உப்பு முதலில் தின்பது வெல்டிங் மூட்டுகளைத்தான். பொலித்தீன் ஏற்றுவதற்கு முன்னர் மூட்டுகளுக்குத் துருத்தடுப்புப் பெயின்ற் அடித்துவிடுங்கள். கூரையைத் தொடும் பைப்புகளுக்கு மேலே வெள்ளைப் பெயின்ற்றும் அடியுங்கள். வெயிலில் பைப் கொதிப்பதால் பொலித்தீன் முதலில் அந்தக் கோட்டில்தான் இற்றுப்போகும்.

செடிகளைக் கட்டித் தொங்கவிடும் மேல் கம்பியைக் கூரைச் சட்டத்தில் கட்டக் கூடாது. காய்த்த தக்காளி ஐம்பது சேர்ந்தால் அது லேசான பாரமில்லை. அதற்குத் தனியாகக் குறுக்குப் பைப் வையுங்கள்.

கூரை, வலை, கதவு

கூரைக்கு 200 மைக்ரோன் தடிப்புள்ள, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொலித்தீன். ஹாட்வெயார் கடையில் 800 கேஜ் என்று சொன்னாலும் ஏறத்தாழ அதுதான். தடிப்பை மட்டும் கேட்டு வாங்காமல் கதிர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பொலித்தீன் நம் வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. நல்லது மூன்று வருடமளவு நிற்கும்.

பக்கங்களில் பொலித்தீனே வேண்டாம், வலை மட்டும். வெண் ஈயை முழுதாகத் தடுக்க அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை வேண்டும். ஆனால் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்று குறையும், சூடு ஏறும். நான் 40 கண் வலையைத் தெரிந்தெடுத்தேன். ஒன்றிரண்டு ஈ நுழையும், அதை மஞ்சள் ஒட்டு அட்டை பார்த்துக்கொள்ளும். காற்று நுழையாவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வலையின் அடிப்பக்கத்தை அரை அடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோழி கிளறி வழி கண்டுபிடித்துவிடும்.

கோடைக்கு நிழல் வலை. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 30 சதவீத நிழல் போதும். கீரை வகைக்கு 50 வரை போகலாம். அதைக் கூரைக்கு உள்ளே கட்டாமல் பொலித்தீனுக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டினால் சூடு வெளியிலேயே நின்றுவிடும். பங்குனியில் ஏற்றிப் புரட்டாதியில் இறக்கிவிடுங்கள். மாரி முகிலில் நிழல் வலையையும் வைத்திருந்தால் செடி வெளிறி நெடுத்துப்போகும்.

கதவு இரண்டு. வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையில் மூன்று அடி. முதலாவதைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் இதைப் பழக்குவது கூடாரம் கட்டுவதைவிடக் கடினம்.

தண்ணீரைச் சோதியுங்கள்

கரையோரத்து மணல் கிணறுகளில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. கோடையில் மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியில் உள்ள உவர் மேலே ஏறும். குடிக்கும்போது தெரியாத உப்பும் செடி வைக்கும் பைக்குள் நாளுக்கு நாள் சேர்ந்து செடியின் இலை ஓரத்தைக் கருக்கும். உப்புக் கூடக் கூடத் தண்ணீரின் மின்கடத்துதிறனும் கூடும்; அதை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிவைத்தால் நல்லது. 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே என்றால் கவலையில்லை. 3000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மறந்துவிடுங்கள். இடையில் இருந்தால் மழைநீரோடு கலந்து பாவிக்கலாம்.

மழைநீர் கூரையிலேயே இருக்கிறது. 20க்கு 10 அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 400 லீட்டருக்கு மேல் கிடைக்கும். இரு பக்கமும் பீலி வைத்து ஒரு தாங்கிக்கு இறக்குங்கள். தாங்கியை நுளம்பு போகாமல் மூடிவையுங்கள். டெங்கு பார்க்க வருகிறவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தேவையில்லை.

மண்ணில் வேண்டாம், பையில் வையுங்கள்

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் மண் கனமாக இருக்கிறவர்கள் மேட்டுப்பாத்தியில் நேரே நடலாம். எங்கள் மணலில் இரண்டு தொல்லை. ஊற்றிய பசளை அடுத்த நாளே அடிக்குப் போய்விடும். வேரில் முடிச்சுப் போடும் வட்டப்புழுவுக்கும் மணல்தான் பிடித்த இடம். அதனால் 12 முதல் 15 லீட்டர் கொள்ளும் பைகள்தான் சரி. கறுப்புப் பை வெயிலில் வேரை வேகவைக்கும். நான் பாவிப்பது 25 கிலோ அரிசி வந்த வெள்ளைப் பை. வாயைப் பாதி வரை மடித்து, அடியில் ஆறேழு ஓட்டை போட்டு, இரண்டு கல்லின் மேல் வைத்தால் முடிந்தது.

கலவை: தும்புத் தூள் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. நெல் ஆலைகள் இருக்கிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. ஓட்டை போட்ட பழைய தகரப் பேணிக்குள் நெருப்பை மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்து, கறுத்ததும் சாம்பலாகும் முன்னர் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும்.

தும்புத் தூளில் ஒரு எச்சரிக்கை. உப்புத்தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதில் உப்பு இருக்கும். ஒரு நாள் ஊறவைத்து வடியுங்கள். இப்படி மூன்று தடவை. கடைசியாக வடியும் தண்ணீர் பிளேன்ரீ நிறத்திலிருந்து வெளிறிய மஞ்சளுக்கு வந்திருக்கும்.

நடுவில் இரண்டு அடி நடைபாதை விட்டு, இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசை, வரிசைக்குள் ஒன்றரை அடிக்கு ஒரு பை. ஐம்பது பை வரும். அறுபதாவது வைக்க இடம் இருப்பது போலத் தெரியும். வைக்காதீர்கள்.

எதை, எந்த மாதம்?

தக்காளியை வைகாசி, ஆனி, ஆடியில் முயற்சி செய்ய வேண்டாம். பகல் 35 பாகையையும் இரவு 25ஐயும் தாண்டும்போது பூவின் மகரந்தம் மலடாகிவிடும், பூ காம்போடு உதிரும். பசளையைக் கூட்டினால் இலைதான் கூடும். ஆவணிக் கடைசியில் விதை போட்டு, புரட்டாதிக் கடைசியில் பைக்கு மாற்றினால் மார்கழியில் காய் சிவக்கும். வெளித்தோட்டங்கள் மழையில் அழுகிச் சந்தையில் மரக்கறி விலை ஏறுகிற நேரமும் அதுதான். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதே கணக்கு; ஆனால் அவை கோடைக்குள்ளும் நீளும்.

கோடையில் வெண்டி, பயிற்றை, வெள்ளரி, பாகல், நிழல் கூடிய மூலையில் கங்குன், பொன்னாங்காணி. பெரிய பெல் பெப்பரை நுவரெலியாவுக்கே விட்டுவிடுங்கள். கறிமிளகாய் நம் பக்கம் நன்றாக வரும்.

விதைக்கு விவசாயத் திணைக்களத்தின் வர்க்கங்களை முதலில் பாருங்கள்: தக்காளியில் திலின, மிளகாயில் எம்.ஐ. 2, வெண்டியில் ஹரித. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை எண்ணும் இருக்கிறது.

நாற்று

தட்டில் அரித்த தும்புத் தூளும் கூட்டெருவும் சம அளவு. அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாக விதைக்காதீர்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும்; மிளகாய்க்குப் பன்னிரண்டு நாள் வரை பொறுக்க வேண்டும். முளைத்த பின் தண்ணீர் கூடினால் தண்டு அடியில் நூலாக மெலிந்து சாயும். அந்த அழுகல் ஒரு தட்டு முழுவதும் ஓட இரண்டு நாள் போதும். ஆகவே காலையில் ஒரு தடவை தெளித்தால் போதும், மேற்பரப்பு பின்னேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும்.

தக்காளி மூன்று, மூன்றரைக் கிழமையில் நடுவதற்குத் தயார். மிளகாய்க்கு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள்.

தண்ணீரும் பசளையும்

காய்க்கும் தக்காளிக்கு ஒரு பைக்கு நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லீட்டர். ஒரேயடியாக ஊற்றாமல் காலை ஆறரைக்குப் பாதி, பத்து மணிக்குப் பாதி என்று பிரியுங்கள். கச்சான் அடிக்கும் நாட்களில் இரண்டரை மணிக்கு இன்னும் கொஞ்சம். அந்த நாட்களில் நடைபாதை மணலையும் நனைத்துவிடுங்கள். கச்சான் காய்ந்த காற்று என்பதால் ஈரம் ஆவியாகி உள்ளே குளிரும். இதே வேலையை மார்கழியில் செய்தால் ஈரப்பதன் கூடி நோய்தான் வரும்.

தண்ணீர் ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போலக் குழியும். சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போய்ச் சேராததன் அடையாளம் அது. சத்து பையில் இருக்கும்; கொண்டுபோகத் தண்ணீர் ஒழுங்காக வந்திருக்காது.

பசளைக்கு, தண்ணீரில் கரைத்து ஊற்றும் அல்பர்ட் கலவை என்ற இரசாயனப் பசளை எளிது. முதல் இரண்டு கிழமை லீட்டருக்கு ஒரு கிராம், பிறகு இரண்டு கிராம். கிழமையில் ஒரு நாள் வெறும் தண்ணீரை அடியால் வடியும் வரை ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. வேலியில் நின்ற கிளிரிசிடியா இலையை ஒரு கிலோ வெட்டிப் பத்து லீட்டர் தண்ணீரில் ஒரு கிழமை ஊறவைத்து, பிளேன்ரீ நிறத்துக்கு ஐதாக்கி ஊற்றிச் சமாளித்தேன். மணம் தாங்காது. ஆனால் கீரைக்கு இன்றைக்கும் அதைத்தான் ஊற்றுகிறேன். தக்காளிக்கு அது மட்டும் போதாது.

கொடியாக ஏறும் தக்காளியில் இலைக் கக்கத்தில் வரும் பக்கத்தளிர்களை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளி, ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் சுற்றி ஏற்றுங்கள். புதராக நிற்கும் வர்க்கங்களைக் கிள்ள வேண்டாம், காய் குறைந்துவிடும். அடியில் மஞ்சளாகும் இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தேனீயின் வேலை இனி உங்கள் வேலை

இரண்டாவது கூடாரத்தில் முதலில் பாகல் வைத்தேன். கொடி கூரை வரை ஏறி, கூடாரமே மஞ்சளாகப் பூத்தது. ஒரு காய் இல்லை. பெண் பூவின் கீழே குட்டிப் பாகற்காய் வரும், நாலு நாளில் மஞ்சளாகி விழும். நோயாக்கும் என்று நினைத்து மருந்துக் கடைக்குப் போகக் கிளம்பினேன். பக்கத்து வளவுப் பெரியம்மா வலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மனே, தேனீக்கும் சேத்தா நுளம்பு வல கட்டினே?”

அதுதான் விஷயம். பூச்சியை மறிக்கும் வலை தேனீயையும் மறிக்கும். பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு, காலையில் விரியும். ஏழு மணிக்குள் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை மடக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். புடோல் பின்னேரம் இருட்டும்போது பூக்கும், அதற்கு ரோச் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் வர்க்கங்கள் கிடைக்கின்றன, கூடாரத்துக்கு அவற்றையே வாங்குங்கள்.

தக்காளியும் கத்தரியும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்ப்பவை. ஆனால் அது உதிர ஒரு அதிர்ச்சி வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்து நிற்கும் கயிற்றைச் சுண்டிவிடுங்கள். காற்று அடிக்கும் நாளில் அதுவும் தேவைப்படாது. வெண்டி, பயிற்றை, மிளகாய்க்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பூச்சியும் நோயும்

தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். வெண் ஈக்கும் அழுக்கணவனுக்கும் மஞ்சள் ஒட்டு அட்டை, பனிப்பூச்சிக்கு நீல அட்டை. செடியின் தலை உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். மஞ்சள் சட்டையோடு உள்ளே போகாதீர்கள், வெண் ஈ சட்டையில் ஏறிக்கொண்டு கூடவே வரும். காலையில் முதல் வேலையாகக் கூடாரத்துக்குப் போங்கள், வெளித்தோட்டம் அதற்குப் பிறகு. இலை சுருண்டு மஞ்சளாகிக் குறுகி நிற்கும் தக்காளி வைரஸ் பிடித்தது. அதற்கு மருந்து இல்லை. பொலித்தீன் பையால் மூடிப் பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள்.

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, சவர்க்காரக் கரைசல் கொஞ்சம் சேர்த்துப் பின்னேரம் இலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை. கோடையில் வரும் சிற்றுண்ணிக்கு, காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சிக் கழுவுவதே பாதி வைத்தியம்.

பச்சையாக நின்ற தக்காளி ஒரே நாளில் வாடினால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை கீழே தொங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல் போல ஒன்று இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்தப் பையை மண்ணோடு அகற்றிவிட்டுக் கத்தியையும் கையையும் கழுவுங்கள். பையில் வளர்ப்பதன் பெரிய இலாபமே இங்கேதான். பாத்தியாக இருந்தால் வரிசையே போயிருக்கும்.

புயல்

1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதிப் புயலைப் பற்றி எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். கார்த்திகை, மார்கழியில் கடும் காற்று எச்சரிக்கை வந்தால் கூரையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கழற்றிவிடுங்கள். பொலித்தீனை ஆணி அடித்துப் பொருத்தாமல், நெளிகம்பி செருகும் சட்டத்திலோ கயிற்றுப் பின்னலிலோ பொருத்தச் சொல்வது இதற்குத்தான். இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணித்தியாலத்தில் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடலாம். காற்றை மறிக்கும் பொலித்தீன் இருந்தால் தூணும் சேர்ந்து போகும். செடி நனைந்தால் பிழைக்கும்.

பயிர் முடிந்ததும்

பங்குனி, சித்திரையில் பழைய செடிகளை வேரோடு எடுங்கள். வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் அந்தப் பையின் கலவையை வாழைக்கு அடியில் கூடப் போடாமல் வளவுக்கு வெளியே கொட்டுங்கள். நல்ல கலவையை நனைத்து, ஒரு அடி தடிப்பில் பரப்பி, நிறமில்லாத பொலித்தீனால் இறுக மூடி வெயிலில் ஆறு கிழமை விடுங்கள். நம் ஊர் வெயில் அதற்குள் இருப்பதைப் பெரும்பாலும் வேகவைத்துவிடும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு புதுக் கூட்டெரு கலந்து பைகளை நிரப்பினால், முதல் நடுகைக்கு வெண்டியும் பயிற்றையும் வைக்கலாம்.